முகவரி ஏட்டின் இடமாற்றம்

நுழையும்முன்

பழைய கணினியை விட்டுப் புதிய கணினிக்கு மாறும் நாள் எவருக்கும் ஒரு நாள் வருகிறது. கடிதங்களும் படங்களும் எளிதாகப் படியெடுக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால், ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த மின்னஞ்சல் முகவரிகள் பல வேளைகளில் வழியிலேயே சிதைகின்றன. தமிழில் எழுதிய பெயர்கள் வினாக்குறிகளாகின்றன, தலைப்பெழுத்து பெயராகிறது, தொலைபேசி எண் தன் இலக்கங்களை இழக்கிறது. இவை ஏன் நிகழ்கின்றன? முகவரி ஏட்டைச் சிதைவின்றிக் கொண்டுசேர்ப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடம்.

மின்னஞ்சலும் முகவரி ஏடும்

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிபிஎன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் நிரலை உருவாக்கினார். பெறுபவரின் பெயரையும் அவர் பயன்படுத்தும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட 'அட்' குறியை அவர் தேர்ந்தெடுத்தார். இன்றும் மின்னஞ்சல் முகவரி அதே அமைப்பில்தான் எழுதப்படுகிறது.

தொடக்கத்தில் வலையமைப்பைப் பயன்படுத்தியோர் சிலரே. அவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் தொகுத்து அச்சுநூலாக வெளியிடும் பணியை, எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் கலிபோர்னியாவில் இயங்கிய வலையமைப்புத் தகவல் நடுவம் மேற்கொண்டது. பயனர்கள் பெருகியபோது பொது ஏடு போதவில்லை. ஒவ்வொருவருக்கும் தமக்கென ஓர் ஏடு தேவைப்பட்டது. 1988ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் உருவாக்கிய யூடோரா போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் அத்தேவையை நிறைவுசெய்தன. நீண்ட முகவரிக்கு ஒரு சுருக்கப்பெயர் இட்டுவைத்தால் போதும். மென்பொருள் முழு முகவரியையும் தானே நிரப்பிக்கொள்ளும்.

முகவரி ஏடு என்பது அடிப்படையில் ஓர் அட்டவணையே. ஒருவரைப் பற்றிய செய்திகளின் தொகுதியைப் 'பதிவு' என்கிறோம். பெயர், மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண் என ஒவ்வொரு செய்தியும் அமரும் இடத்தைப் 'புலம்' என்கிறோம். ஏட்டை இடம் மாற்றும்போது எழுத்துகள் மட்டும் சென்றுசேர்ந்தால் போதாது. எந்த எழுத்துத்தொடர் எந்தப் புலத்துக்கு உரியது என்னும் பொருளும் உடன் சென்றுசேர வேண்டும். இடமாற்றத்தில் நேரும் இடர்கள் யாவும் இவ்விரண்டில் ஒன்று தவறுவதால் விளைபவையே.

படியெடுத்தலும் பெயர்த்தெழுதுதலும்

ஓலைச்சுவடிகள் செல்லரிக்கத் தொடங்கும்போது நம் முன்னோர் அவற்றைப் புதிய ஓலைகளில் படியெடுத்தனர். பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. ஆயினும், கற்றறிந்தோர் இடமும் பொருளும் நோக்கிச் சரியான வடிவத்தை உணர்ந்துகொண்டனர். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தமான பாடத்தைக் கண்டார். கணினிக்கு இத்தகைய பகுத்துணர்வு இல்லை. எழுதியவர் எந்த மரபைப் பின்பற்றினார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டுமே அதனால் சரியாகப் படிக்க முடியும்.

மின்னஞ்சல் மென்பொருள் ஒவ்வொன்றும் தன் முகவரி ஏட்டைத் தனக்கே உரிய உள்வடிவத்தில் சேமிக்கிறது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விண்டோஸ் முகவரி ஏடு என்னும் தனிவகைக் கோப்பைப் பயன்படுத்தியது. தண்டர்பேர்டு, 'மோர்க்' என்னும் சிக்கலான வடிவத்தை நெடுங்காலம் பயன்படுத்தி, 2020ஆம் ஆண்டு வெளிவந்த 78ஆம் பதிப்பில் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள வடிவத்துக்கு மாறியது. ஒரு மென்பொருளின் உள்வடிவத்தை இன்னொன்று அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

எனவே, இடமாற்றத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. இரு கணினிகளிலும் ஒரே மென்பொருள் இருப்பின், மென்பொருளை மூடிவிட்டு, அதன் பயனர் கோப்புறையை முழுமையாகப் படியெடுத்து வைக்கலாம். இது ஓலையைக் கட்டோடு தூக்கிச் செல்வதைப் போன்றது. மென்பொருள்கள் வேறுபடின், இரண்டுக்கும் தெரிந்த பொது வடிவம் ஒன்றில் ஏட்டைப் பெயர்த்தெழுத வேண்டும். இவ்வாறு வெளியே எழுதுவதை 'ஏற்றுமதி' என்றும், புதிய மென்பொருள் அதைப் படித்துச் சேர்த்துக்கொள்வதை 'இறக்குமதி' என்றும் வழங்குகிறோம்.

மூன்று பொது வடிவங்கள்

முதலாவது, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்பு. இதனைச் சிஎஸ்வி என்பர். ஒரு பதிவுக்கு ஒரு வரி; புலங்களுக்கு இடையே காற்புள்ளி; முதல் வரியில் புலங்களின் பெயர்கள். எந்த விரிதாளிலும் இதனைத் திறக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால், வீட்டு முகவரிக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் என்னாகும்? அப்புலத்தை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அடைக்க வேண்டும். இவ்விதியைப் பின்பற்றாத கோப்பில் தெருவின் பெயர் ஊரின் புலத்துக்கும், ஊரின் பெயர் தொலைபேசிப் புலத்துக்கும் தள்ளப்பட்டுவிடும். பல்லாண்டுகளாக வழக்கில் இருந்த இம்முறைக்கான விளக்க ஆவணம் 2005ஆம் ஆண்டில்தான் ஆர்எஃப்சி 4180 என்னும் எண்ணில் வெளியிடப்பட்டது. அதற்குள் ஒவ்வொரு நிறுவனமும் புலங்களுக்குத் தன் விருப்பப்படி பெயரிட்டுவிட்டது. ஆதலால், சிஎஸ்வி கோப்பை இறக்குமதி செய்யும்போது எந்த நெடுவரிசை எந்தப் புலத்துக்கு உரியது என்று பயனரே பொருத்திக்காட்ட வேண்டியுள்ளது.

இரண்டாவது எல்டிஐஎஃப். இது நிறுவனங்களின் பெரிய முகவரித் தரவகங்களுக்காக உருவானது. 2000ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 2849 என்னும் எண்ணில் வரையறுக்கப்பட்டது. தண்டர்பேர்டு போன்ற சில மென்பொருள்கள் இதனை ஏற்கின்றன.

மூன்றாவது விகார்டு. இதனை மின்னணு முகவரி அட்டை எனலாம். ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் இணைந்த கூட்டமைப்பு 1995ஆம் ஆண்டு இதனை முன்மொழிந்தது. ஒவ்வொரு பதிவும் ஓர் அட்டை. அட்டையின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கத் தனித்தனி வரிகள் உண்டு. இடைப்பட்ட ஒவ்வொரு வரியும் தான் எதைக் குறிக்கிறது என்பதைத் தானே முதலில் கூறிவிடுகிறது, பிறகு முக்காற்புள்ளி, அதன்பின் உரிய செய்தி. எனவே, நெடுவரிசைகளைப் பயனர் பொருத்திக்காட்ட வேண்டிய தேவை எழுவதில்லை. ஒளிப்படத்தையும் அட்டைக்குள் வைக்கலாம். இதன் 3.0 பதிப்பு 1998ஆம் ஆண்டிலும், 4.0 பதிப்பு 2011ஆம் ஆண்டிலும் இணையப் பொறியியல் பணிக்குழுவால் வெளியிடப்பட்டன.

எழுத்துகள் ஏன் சிதைகின்றன?

கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் உடன்பாட்டைக் 'குறியேற்றம்' என்கிறோம். தொடக்கக்காலத்தில் பரவலாக ஏற்கப்பட்ட ஆஸ்கி குறியேற்றத்தில் 128 இடங்களே இருந்தன. அவற்றில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளும் மட்டுமே இடம்பெற்றன. தமிழை எழுத விரும்பியோர் ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்து எழுத்துருக்களை உருவாக்கினர். எழுத்துரு ஒவ்வொன்றிலும் எழுத்துகளின் இருப்பிடம் வேறுபட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு சென்றால், தமிழ்ப்பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையாகக் காட்சியளித்தது. இந்நிலையை மாற்ற, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றத் தரங்கள் அறிவிக்கப்பட்டன. பின்னர், 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்றது.

உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்குவது ஒருங்குறி. அந்த எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறைகளுள் பெருவழக்கானது யுடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992ஆம் ஆண்டு இதனை வடிவமைத்தனர். இம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட்டுகளும் தேவை. 'மணிமேகலை' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணப்படி அது ஐந்தெழுத்துச் சொல். உயிர்மெய்களில் வரும் உயிர்க்குறிகளைத் தனியே எண்ணுவதால் ஒருங்குறியில் அது 8 குறியெண்கள். கோப்பில் 24 பைட்டுகள்.

இப்பெயர் இருவேறு வகைகளில் சிதையக்கூடும்.

முதல் வகை, தவறாகப் படித்தல். யுடிஎஃப்-8 முறையில் எழுதிய கோப்பை மேலை ஐரோப்பியக் குறியேற்றமாகக் கருதி ஒரு மென்பொருள் திறந்தால், 24 பைட்டுகளையும் தனித்தனி எழுத்துகளாக அது காட்ட முற்படும். திரையில் தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வணிகக் குறிகளும் நிரம்பும். இங்குப் பெயர் அழியவில்லை. படிக்கும் முறைதான் தவறு. கோப்பைச் சேமிக்காமல் மூடி, யுடிஎஃப்-8 என்னும் தெரிவைச் சுட்டி மீண்டும் திறந்தால் பெயர் திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாம் வகை, தவறாக எழுதுதல். தமிழுக்கு இடமே இல்லாத குறியேற்றத்தில் பெயரை எழுதுமாறு பணித்தால், மென்பொருள் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஈடாக ஒரு வினாக்குறியை இட்டுவிடும். மணிமேகலை எட்டு வினாக்குறிகளாவாள். அந்த எட்டு வினாக்குறிகளிலிருந்து பெயரை மீட்க எந்த வழியும் இல்லை. மூலக் கோப்பு ஒன்றே கைகொடுக்கும்.

ஆகவே, சிதைந்த எழுத்துகளைக் கண்டால் முதலில் செய்ய வேண்டுவது, எதையும் சேமிக்காமல் இருப்பதே. விகார்டு 4.0 பதிப்பு யுடிஎஃப்-8 முறையை மட்டுமே ஏற்பதால் இக்குழப்பம் பெரிதும் குறைகிறது.

தெரியுமா?

விகார்டின் 2.1 பதிப்பைப் பயன்படுத்தும் பழைய கைபேசிகள் தமிழ்ப்பெயர்களை வேறொரு முறையில் எழுதுவதுண்டு. ஒவ்வொரு பைட்டும் சமக்குறி ஒன்றையும் அதனைத் தொடரும் இரண்டு குறிகளையும் கொண்டு எழுதப்படும். இம்முறையில் 'மணிமேகலை' 72 குறிகளாக நீளும். பார்ப்பதற்குச் சிதைவு போலத் தோன்றினும் இது முறையான வடிவமே. இறக்குமதி செய்தவுடன் பெயர் தெளிவாகத் தோன்றும்.

தலைப்பெழுத்தும் குடும்பப்பெயரும்

எழுத்துகள் சிதையாமல் வந்த பிறகும் பெயர் தவறாக அமையக்கூடும். முகவரி ஏடுகளின் அமைப்பு மேலைநாட்டுப் பெயரிடும் மரபில் உருவானது. அங்குப் பெயர் என்பது முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டாகப் பகுக்கப்படும். தமிழர் வழக்கிலோ தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு, அதன்பின் தம் பெயரை எழுதுகிறோம். 'கு. மணிமேகலை' என்பதில் குடும்பப்பெயர் எது? அப்படி ஒன்று இல்லை. ஆனால், படிவம் இரு கட்டங்களையும் காட்டுகிறது. ஒருவர் தலைப்பெழுத்தை முதற்கட்டத்தில் இடுகிறார். மற்றொருவர் இரண்டாம் கட்டத்தில் இடுகிறார். இடமாற்றத்துக்குப் பின் அவர் 'மணிமேகலை கு.' ஆகலாம், அகரவரிசையில் ககரத்தின் கீழ்ச் சென்று மறையலாம், தானியங்கிக் கடிதத்தில் 'அன்புள்ள கு.' என்று அழைக்கப்படவும் நேரலாம்.

விகார்டில் பெயருக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, குடும்பப்பெயர், இட்டபெயர், இடைப்பெயர், முன்னடை, பின்னடை என ஐந்து பகுதிகளை அரைப்புள்ளியால் பிரித்துக்காட்டும் வரி. மற்றொன்று, பெயரை அவர் எழுதும் முறையிலேயே முழுமையாகக் காட்டும் வரி. 2.1 பதிப்பில் பகுத்த பெயர் கட்டாயம். 3.0 பதிப்பில் இரண்டும் கட்டாயம். 4.0 பதிப்பில் முழுப்பெயர் மட்டுமே கட்டாயம். பகுத்த பெயர் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. எல்லாப் பெயர்களும் ஒரே வகையில் பிரிவதில்லை என்பதற்குத் தரம் இடமளித்த முறை இது. தமிழ்ப்பெயர்களை உள்ளிடும்போது முழுப்பெயருக்கான புலத்தை வழக்கத்தில் உள்ளவாறே நிரப்புவதும், ஏடு முழுவதும் தலைப்பெழுத்துக்கு ஒரே இடத்தைப் பின்பற்றுவதும் நலம்.

எண்களும் தப்புவதில்லை

ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பைச் சரிபார்க்கும் நோக்கில் விரிதாளில் திறப்பது பலரின் வழக்கம். விரிதாளோ இலக்கங்களைக் கண்டவுடன் அவற்றைக் கணக்கிடத்தக்க எண்ணாகக் கருதிவிடும். தொடக்கத்தில் உள்ள சுழியம் நீங்கும். நாட்டுக் குறியீட்டின் முன்னுள்ள கூட்டல் குறி மறையும். 12 இலக்கங்கள் கொண்ட எண் அடுக்குக்குறி வடிவில் சுருங்கும். அந்நிலையில் கோப்பைச் சேமித்தால் இறுதி இலக்கங்கள் மீளாது போகும். தொலைபேசி எண் பார்வைக்கு எண். பயன்பாட்டில் அது ஒரு பெயரே. அதைக் கூட்டுவதோ கழிப்பதோ இல்லை. எனவே, விரிதாளில் திறக்க நேர்ந்தால் அந்த நெடுவரிசையை 'உரை' என்று வகைப்படுத்தி இறக்குமதி செய்ய வேண்டும். உரை திருத்தியில் திறந்து பார்ப்பது இதனினும் பாதுகாப்பானது.

இடமாற்றும் முறை

1. பழைய ஏட்டில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்க. வழக்கிழந்த முகவரிகளையும் இரட்டைப் பதிவுகளையும் அங்கேயே நீக்குக.
2. ஏற்றுமதிக்கு விகார்டு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க. புதிய மென்பொருள் அதனை ஏற்காதபோது மட்டும் சிஎஸ்வியை நாடுக. குறியேற்றம் கேட்கப்பட்டால் யுடிஎஃப்-8 என்பதைத் தெரிவு செய்க.
3. கிடைத்த கோப்பின் படி ஒன்றைத் திருத்தாமல் தனியே வைத்திருக்க. பிழை நேர்ந்தால் மீளத் தொடங்க அதுவே துணை.
4. முதலில் ஐந்தாறு பதிவுகளை மட்டும் இறக்குமதி செய்து பார்க்க. தமிழ்ப்பெயர் ஒன்று, காற்புள்ளி உள்ள வீட்டு முகவரி ஒன்று, இரு மின்னஞ்சல் முகவரிகள் உடையவர் ஒருவர் அவற்றுள் இருத்தல் வேண்டும்.
5. அவை சரியாக அமைந்தபின் முழுமையும் இறக்குமதி செய்து, எண்ணிக்கையை ஒப்பிடுக.
6. குழுப் பட்டியல்களைத் தனியே சரிபார்க்க. சிஎஸ்வி கோப்பில் தனி முகவரிகள் வருமேயன்றி, 'வகுப்புத் தோழர்' போன்ற குழு அமைப்பும் ஒளிப்படங்களும் பெரும்பாலும் வருவதில்லை.
7. எல்லாம் சரியென உறுதிசெய்த பின்னரே பழைய ஏட்டை அழிக்க.

இன்று, முகவரிகளைச் சேவையகக் கணினியில் வைத்துக் கைபேசியும் கணினியும் அங்கிருந்தே பெற்றுக்கொள்ளும் ஒத்திசைவு முறை பரவியுள்ளது. 2011ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட கார்ட்டேவ் என்னும் நெறிமுறை இதற்கு உதவுகிறது. அதனுள்ளும் செல்வது விகார்டு அட்டையே. ஆயினும், ஒத்திசைவு என்பது காப்புப்படி அன்று. ஒரு கருவியில் தவறுதலாக அழித்த பதிவு பிற கருவிகளிலிருந்தும் அழிந்துவிடும். ஆகவே, அவ்வப்போது ஏட்டை ஏற்றுமதி செய்து வைப்பது இன்றும் தேவையே.

பிறர் தந்த நம்பிக்கை

முகவரி ஏடு நம்முடையது. அதிலுள்ள முகவரிகள் பிறருடையவை. 1999ஆம் ஆண்டு பரவிய மெலிசா என்னும் நச்சுநிரல், கணினியிலுள்ள முகவரி ஏட்டைத் திறந்து முதல் 50 முகவரிகளுக்குத் தன்னைத்தானே அனுப்பியது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' நிரல், ஏட்டிலுள்ள அனைவருக்கும் சென்றது. தெரிந்தவர் பெயரில் வந்த கடிதம் என்பதாலேயே மக்கள் அதனைத் திறந்தனர். ஒருவரின் ஏடு பிறர் கையில் சிக்கினால், துன்பம் அவரைவிட அவருடைய நண்பர்களையே மிகுதியாகச் சேரும்.

ஏற்றுமதி செய்த கோப்புக்குப் பூட்டு இல்லை; எவரும் திறந்து படிக்கலாம். பொதுக் கணினி மையத்திலோ பள்ளிக் கணினியிலோ இடமாற்றம் செய்தால், பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் மறுசுழற்சித் தொட்டியிலிருந்தும் அக்கோப்பை நீக்குதல் வேண்டும். இரவல் வாங்கிய பென் டிரைவில் அதனை விட்டுவைத்தல் கூடாது. பழைய கணினியை விற்பதற்கு முன் அதன் நினைவகத்தை முற்றிலும் துடைத்தல் வேண்டும்.

தம் தரவைத் தாம் விரும்பும் இடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமையும் இன்று பேசப்படுகிறது. 2018ஆம் ஆண்டு மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு நெறிமுறை, ஒருவர் தாம் அளித்த தரவைக் கணினி படிக்கத்தக்க பொதுவான வடிவில் பெறுவதற்கு உரிமை வழங்குகிறது. பொது வடிவம் ஒன்று இல்லாவிடில் இவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். பயனர் ஒரே நிறுவனத்தின் மென்பொருளுக்குக் கட்டுண்டு கிடக்க நேரிடும்.

ஒருங்குறியும் விகார்டும் தாமாகத் தோன்றியவை அல்ல. போட்டி நிறுவனங்களும் பல நாட்டு அறிஞர்களும் கூடிப் பேசி எட்டிய உடன்பாடுகள் அவை. அந்த உடன்பாடு இருக்கும்வரை மென்பொருள்கள் மாறலாம், கணினிகள் மாறலாம். மணிமேகலை தன் பெயரோடும் தலைப்பெழுத்தோடும் புதிய ஏட்டில் வந்து அமர்வாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்புத் தோழர் ஐவரின் பெயர்களை முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரு கட்டங்களில் நிரப்ப முயன்று, எழும் இடர்களை வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பெயரில் உள்ள எழுத்துகளையும், ஒருங்குறியில் அதன் குறியெண்களையும், யுடிஎஃப்-8 முறையில் அதன் பைட்டுகளையும் கணக்கிட்டு எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. பதிவு, புலம் – வேறுபடுத்துக.
2. ஒத்திசைவு காப்புப்படி ஆகாது – ஏன்?

சிறுவினா
1. தவறாகப் படித்தலுக்கும் தவறாக எழுதுதலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
2. விகார்டின் மூன்று பதிப்புகளில் பெயருக்குரிய விதிகள் மாறிய முறையை எழுதுக.

நெடுவினா
1. முகவரி ஏட்டின் இடமாற்றத்தில் பொதுத் தரங்களின் இன்றியமையாமையைக் கட்டுரையாக வரைக.